துப்பாக்கிக் கட்டையில் குங்குமம்

துப்பாக்கிக் கட்டையை இந்தக் கிழவி ஏன் சுரண்டினாள் என்று தெரியாவிட்டால் உங்களுக்குச் சோறு இறங்காதா? அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கதை கேட்க வந்துவிட்டீர்கள். சரி, வந்தது வந்துவிட்டீர்கள், உட்காருங்கள்.

என் வீட்டுக்காரர் பீளமேட்டு மில்லில் ஃபிட்டர். ஞாயிறானால் ரைபிள் கிளப்புக்குப் போய்விடுவார். அவர் இறந்தபின் லைசென்ஸை என் பெயருக்கு மாற்றிக்கொண்டு நானும் சுடப் பழகினேன். எல்லாக் குண்டும் குறிக்கு இடப்பக்கமே போனது. வயசாகிவிட்டது, கண் மங்கிவிட்டது என்றார்கள். கிளப்பில் பழுது பார்ப்பவர்தான் துப்பாக்கியைக் கழற்றிப் பார்த்தார்.

"உங்க கண்ணு நல்லாத்தானுங்க இருக்குது. மரக்கட்டைக்குள்ள ஊத்துன எப்பாக்ஸிப் பசதான் கோணல்."

ஊற்றியது என் வீட்டுக்காரர். துப்பாக்கிக் குழலின் இரும்பு கட்டைக்குள் ஆடாமல் உட்காரட்டும் என்று பசையை ஊற்றி, ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் பள்ளமாகவும் இறுகவிட்டிருந்தார். அடுத்த ஞாயிறு பெண்களுக்குப் போட்டி. அதற்குள் சுரண்டிவிடுவேன் என்றேன். மகன் வாசலை மறித்து நின்றான்.

"ஏனுங்கம்மா, அது அப்பா கைவேலைங்க. அதப் போயி சுரண்டுவீங்களா? அப்படியே செவுத்துல மாட்டிரலாமுங்க."

"உங்கப்பனத்தான் செவுத்துல மாட்டியாச்சே கண்ணு. துப்பாக்கியும் அங்க போயிட்டா, ஞாயித்துக்கெழம நான் போட்டோவ வெச்சா சுடறது?"

தேய்ப்புப் பெட்டியின் மூக்கைப் பசைமேல் வைத்துச் சூடு காட்டினேன். இளகியதும் சின்ன உளியால் கீறினேன். சில்லு சில்லாக வந்தது. அவசரப்பட்டால் மரமும் சேர்ந்து வந்துவிடும். இரண்டு நாள் முதுகு ஒடிந்தது. அப்புறமும் இரும்பு எங்கே தட்டுகிறதென்று கண்ணுக்குப் பிடிபடவில்லை.

அவர் போன நாளில் மூடிவைத்த குங்குமச் சிமிழைத் திறந்தேன். குங்குமத்தை எண்ணெயில் குழைத்து இரும்பில் பூசி, கட்டைக்குள் வைத்து அழுத்தி எடுத்தேன். சிவப்பு ஒட்டிய இடமெல்லாம் மேடு. அங்கே மட்டும் சுரண்டினேன்.

மருமகள் பார்த்துவிட்டாள். "அய்யோ அத்தே, குங்குமத்தத் தொடறீங்களே!"

"துப்பாக்கிக்குத்தான அம்மணி பூசறேன். அதாச்சும் சுமங்கலியா இருந்துட்டுப் போகுது."

ஞாயிறன்று பரிசு கிடைக்கவில்லை. நாலாவதாக வந்தேன். ஆனால் ஒரு குண்டுகூட இடப்பக்கம் ஒதுங்கவில்லை.

மறுநாள் அக்கம்பக்கத்துப் பெண்கள் கேட்டருகே கூடிவிட்டார்கள். "ஏனுங்க, ஊட்டுக்காரரு செஞ்சத அழிச்சுப்போட்டீங்களாமா?"

"அழிச்சுப்போட்டனுங்க. அவரு செஞ்ச கோணலுக்கு இத்தன நாளு நான் பேச்சு வாங்கீட்டு இருந்தேன். இனிக் குறி தப்புனா அது என்ர சொந்தத் தப்புங்க. அதுல ஆருக்கும் பங்கு குடுக்க மாட்டேன்."