கவ்வாத்து நின்ற வருஷம்

இலங்கை மலைத் தோட்டத்தில் எங்களுக்குக் காலண்டர் கிடையாது. சில வருஷத்துக்கு ஒருமுறை தேயிலைச் செடியைத் தாழ வெட்டிவிடும் கவ்வாத்துதான் கணக்கு. "எம் மூத்தவ போன கவ்வாத்துக்கு முன்னாடி பொறந்தவ" என்றால் எல்லாருக்கும் புரியும்.

முப்பதுகளின் தொடக்கத்தில் தேயிலை விலை விழுந்தது. கவ்வாத்து வெட்டும் என் வீட்டுக்காரர் ஒருநாள் பொழுதோடு எங்கள் வரிசை வீட்டுக்கு, லயத்துக்குத் திரும்பினார்.

"மேல்மலைய வெட்ட வேணாமாம். அப்படியே விடச் சொல்லிட்டாரு தொரை."

"ஒரு வேலை மிச்சந்தானே?" என்றேன்.

"அட போ புள்ள. இப்ப வெட்டலேன்னா, பின்னாடி அந்த மலைக்குக் கொழுந்தெடுக்க ஆளே வேணாம்னு அர்த்தம்."



லயத்தில் பக்கத்துக் காம்பரா அறையில் ஓர் அக்கா இருந்தாள். புருஷன் செத்தபின் தனியாள். மலையில் கொழுந்தெடுக்கும்போது எனக்கு அடுத்த நிரை அவளுக்கு. "தை பொறக்கட்டும், கடல் தாண்டி ஊருக்குப் போயிருவேன்" என்று வருஷா வருஷம் சொல்வாள். மழையையும் அட்டைக்கடியையும் அந்தப் பேச்சிலேயே தாங்கினாள். போகப்போகிறவள் என்பதால் வாசலில் ஒரு கீரைகூடப் போட்டதில்லை.

ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் ஒரு காலை, வேலையில்லாமல் ஊருக்கு அனுப்பப்படுகிறவர்கள் யார் யார் என்று கங்காணி சொன்னார். அக்காவும் அதில் இருந்தாள். சந்தோஷப்படுவாள் என்று திரும்பிப் பார்த்தேன். கூடைக் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இந்த வருசம் வேணாங்கய்யா. அப்புறமாப் போறேனுங்க."

"நீதானம்மா ஊரு ஊருன்னு சொல்லிக்கிட்டிருந்த?"

"சொன்னேனுங்க..."

சாயங்காலம் என் அடுப்படியில் வந்து உட்கார்ந்தாள். "நான் அந்த ஊரைப் பாத்ததே இல்ல தங்கச்சி. கைப்புள்ளையாத் தூக்கிட்டு வந்தாங்களாம். எங்காத்தா சொல்லும், வாசல்ல வேப்பமரம்னு. அதத்தான் நானும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

சோற்றைப் போட்டு வைத்தேன். தொடவில்லை.

தலவாக்கலை ஸ்டேஷனில் நாங்கள்தான் அவளை ரயிலேற்றினோம். "கப்பலவிட்டு எறங்கி யார்கிட்ட வழி கேக்கட்டும்?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள். என் வீட்டுக்காரர் அவள் மூட்டையை ஜன்னல் வழியாக உள்ளே தள்ளினார்.

அவளைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை. வேலை மெல்ல மெல்லக் கூடியது. அந்தக் காம்பராவுக்கு வேறு குடும்பம் வந்தது. என் மூத்தவளும் வளர்ந்துவிட்டாள். "தை பொறக்கட்டும், மூத்தவ கல்யாணத்த வச்சிருவோம்" என்று என் வீட்டுக்காரர் பேச்செடுத்தால் மட்டும், அக்கா சொல்லிக்கொண்டிருந்த தை நினைவுக்கு வந்து எனக்குப் பதறும். "இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?" என்று எழுந்து வெளியே போய்விடுவேன்.