கோழிக்காலோடு வந்தவர்

2011 ஐப்பசி மழையில், வடசேரியிலிருந்து அருமனைக்குப் போன பேருந்தில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணாடி போட்ட மெலிந்த இளைஞர். மடியில் ஒரு பை நிறையக் கோழிக்கால்.

"சூப்புக்கா தம்பி?" என்றேன்.

"இல்ல சார், வெட்டிப் பழக."

விரல் மடங்கிப் பூட்டிக்கொள்ளும் நோய்க்கு, ஊசித்துளை வழியே நுழைந்து, தசைநாணை இறுக்கும் உறையை மட்டும் அறுக்கும் கத்தியை அவர் வடிவமைத்துக்கொண்டிருந்தார். பேசும்போதே தன் மோதிரவிரலை மடக்கி மடக்கி நிமிர்த்தினார்.

"அம்மைக்கு இந்த வெரலுதான் சார். ரப்பர் பாலு வெட்டப் போறவ. உள்ளங்கையைக் கீறி ஆப்பரேசன் பண்ணினா வேலை முடங்குமாம். 'மக்கா, உனக்க கத்திய எனக்க கையில வெச்சுப் பாருலே'ன்னு ஒரே பிடி."

"அம்மையப் பாக்குத டாக்டர் என்ன சொல்லுகாரு?"

"அவரும் ரெடி. ஆனா நேத்து வெட்டின கோழிக்காலிலயும் நாணுல கீறல் விழுந்துட்டு. கோழி சம்மதிக்காம அம்மைக்க கையில வைக்க மாட்டேன்."

அருமனையில் இறங்கிப் போனார். அந்த அம்மாவின் விரல் நிமிர்ந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை. பெற்றவளையே காக்க வைத்தவரிடம் என் விரலை நான் நம்பிக் கொடுப்பேன்.