குந்தாலிக் காம்பின் சத்தம்

எங்கள் அகழாய்வில் மண் கொத்தும் குந்தாலியைவிட, தோண்டும் ஆள் ஃபரஜின் காதுக்குத்தான் மதிப்பு. குந்தாலிக் காம்பால் மண்ணைத் தட்டுவார். பழைய பாரசீக மன்னர்கள் காலத்தில் தோண்டி மூடிய இடமா, யாரும் தொடாத மண்ணா என்று சொல்லிவிடுவார். சுவர்க் கற்களை ஊரார் எப்போதோ பெயர்த்துக்கொண்டு போயிருந்தாலும், கல் இருந்த பள்ளத்தில் மண் பொலபொலவென்றிருக்கும். அந்தத் தடத்தை அவர் தட்டிக் காட்டக் காட்ட, ஆய்வுத் தலைவர் டாக்டர் மஹின் அரண்மனைக் கிடங்கு ஒன்றை முழுசாக வரைந்துவிட்டார். பேர் டாக்டருக்குப் போனது. எனக்கு அதில் இன்னும் எரிச்சல்தான்.

அகழாய்வு இல்லாத மாதங்களில் ஃபரஜ் ஆழ்குழாய்க் கிணறு போட்டார். அகழாய்வைச் சுற்றி விரிந்த மர்வ்தஷ்த் சமவெளியில் அவர் துளைக்காத கோதுமை வயல் குறைவு.

போன வசந்தத்தில் அவர் வீட்டு முற்றம் நீளமாகப் பிளந்தது. நானும் டாக்டரும் ஓடினோம்.

"ராஜா காலத்து வாய்க்காலா இருக்குமோ, ஃபரஜ் அண்ணே?" டாக்டரின் கண் மின்னியது.

ஃபரஜ் குந்தி விளிம்பைத் தடவினார். "இத யாரும் வெட்டல டாக்டரம்மா. கீழ தண்ணி வத்திப்போச்சு. மண்ணு உக்காருது."

"உறிஞ்சினது யாரு? நீங்க போட்ட கிணறுதான!" என்று நான் வாயை விட்டேன்.

அவர் குந்தாலியை எடுத்தார். தட்டிக்கொண்டே பிளவோரம் நடந்தார். அரண்மனைத் தூண்கள் நிற்கும் திசையில் தரை வெற்றுப்பானையாகச் சத்தம் கொடுத்தது. திரும்பி வந்து சமையலறை வாசல் தரையில் தட்டினார். மறுபடியும் தட்டினார்; அங்கும் அதே சத்தம். உள்ளே அவர் மனைவி கோலந்தாம் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

"கோலந்தாம்," என்றார் மெதுவாக, "ரொட்டி கெடக்கட்டும். ஓடாத. மெல்லக் கால் வச்சு வெளிய வா."