கடலடித் தொலைநோக்கியும் மதினியும்

தென்காசியில் எங்கள் வீட்டில் சத்தமில்லாத மூலை ஒன்றுகூடக் கிடையாது. வெளியே பேருந்து, உள்ளே என் வீட்டுக்காரர். அவர் புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருக்கிறார். கேரள வியாபாரிகளோடு அவர் பேசுவதைக் கேட்டால், கையில் இருக்கும் போன் எதற்கு என்று தோன்றும். அந்தக் குரல் தானாகவே செங்கோட்டையைத் தாண்டிப் போய்விடும்.

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். கூடவே, என்னோடு படித்த தோழி ஒருத்தி சென்னையில் நடத்தும் தமிழ் இணைய வானொலிக்கு வாராவாரம் அறிவியல் செய்தி பேசிப் பதிவு செய்து அனுப்புவேன். ஒருமுறை கருந்துளையைப் பற்றிப் பேசினேன். "உள்ளே விழுந்த ஒளி இனி ஒருநாளும் வெளியே வராது" என்று கனத்த குரலில் சொல்லி நிறுத்தினேன். அந்த இடைவெளியில் பக்கத்து அறையிலிருந்து என் வீட்டுக்காரர், "வந்துரும், வந்துரும், லாரி புனலூர் தாண்டிட்டு" என்றார். அது அப்படியே பதிவாகி சென்னைக்கும் போய்விட்டது. தோழி சிரித்து முடித்த பிறகு, "வேற இடம் பாருடி" என்றாள்.

இடம் பார்த்துக் கொடுத்தவர் மதினி, என் வீட்டுக்காரரின் அக்கா. எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர். சீசன் காலங்களில் குற்றாலம் மெயினருவியில் பெண்கள் பக்கம் நின்று, அருவிச் சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்துக் கூட்டத்தை நகர்த்தியவர். ஓய்வுக்குப் பிறகு அந்தக் குரலுக்கு வேலை இல்லாமல் இருந்தது.

"ஏட்டி, குத்தாலத்துல என் சிநேகிதி வீடு பூட்டித்தான் கெடக்கு. அவ மகன்கூட பெங்களூர்ல இருக்கா. சாவி எங்கிட்ட இருக்கு. வா, அங்கன போயி ஒரு தொந்தரவும் இல்லாமப் பேசு."

ஒரு சனிக்கிழமை காலையில் மதினியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். சாரல் முகத்தில் அடித்தது. இலஞ்சி தாண்டும்போது, "வீட்டுல இருந்தா எங்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்க மாட்டுக்காவ. சாப்டீயளாங்கதோட சரி" என்றார். காற்றில் சரியாகக் காதில் விழாததுபோல, தாள்கள் நனையாமல் பையை இழுத்து மூடினேன்.

வீடு ஐந்தருவி போகும் வழியில் இருந்தது. ஜன்னல்களைச் சாத்தினோம். எதிரொலி வராமல் இருக்கத் தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு, போனில் பதிவை ஓடவிட்டு, அச்செடுத்துக் கொண்டுவந்த தாள்களை வாசிக்க ஆரம்பித்தேன்.

"மின்னூட்டமற்றதும் மிகமிகச் சொற்ப நிறையுடையதுமான அடிப்படைத் துகளாகிய நியூட்ரினோ..."

"யாருக்குட்டி வாசிக்க?" போர்வைக்கு வெளியே மதினியின் குரல்.

"கேக்கவங்களுக்குத்தான் மதினி."

"எனக்கு ஒண்ணும் வெளங்கல."

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பக்கங்களை எழுத ஒரு வாரம் உட்கார்ந்திருந்தேன். போர்வையை உதறிவிட்டு எழுந்து, காற்றுக்காகப் பின்கதவைத் திறந்தேன். தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேஜைமேல் வைத்தேன். உறை சரசரத்தது. குற்றாலத்துக் குரங்குகளுக்கு அந்தச் சத்தம் என்றால் சிப்ஸ் பாக்கெட். நான் திரும்புவதற்குள் ஒன்று உள்ளே வந்து, மேஜைமேல் ஏறி, உறையோடு போய்விட்டது.

"ஏய்!" என்று மதினி போட்ட அதட்டலில் நான்தான் நடுங்கினேன். குரங்கு காம்பவுண்டு சுவரில் சாவகாசமாக உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக உருவியது. மோந்து பார்த்தது, ஓரத்தைக் கடித்தது, பிடிக்கவில்லை போல, பக்கத்துத் தோப்புக்குள் வீசியது. எல்லாம் மழைச் சகதியில் விழுந்தன. அவற்றைக் கல்லூரிக் கணினியில் தட்டச்சு செய்திருந்தேன், கையில் வேறு பிரதி இல்லை. அழுகை வரும்போல இருந்தது.

மதினி கதவைச் சாத்தித் தாழிட்டு, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி, போனா போவுது. எங்கிட்ட சொல்லு. தேனிப் பக்கம் மலைக்குள்ள ஆய்வுக்கூடம் வைக்கப் போறாவன்னு போராட்டம் நடந்துச்சே, அந்த நியூட்ரினோவா?"

"அதேதான். ஆனா நான் சொல்லுதது கடலுக்கு அடியில. மத்திய தரைக்கடல்ல, வெளிச்சமே போகாத ஆழத்துல, கண்ணாடி உருண்டைகள மாலை மாலையாக் கட்டி நிறுத்தியிருக்காங்க. அதுவும் ஒரு தொலைநோக்கிதான்."

"ஆளு எறங்கியா கட்டுனான்?"

"அந்த ஆழத்துக்கு ஆள் போக முடியாது மதினி. ரோபோவ எறக்கி, கப்பல்ல உக்காந்து அத ஓட்டி, கேபிள மாட்டுதாங்க."

"சரி. எதப் பிடிக்க?"

"வானத்துல எங்கயோ ரொம்பத் தூரத்துலேருந்து வார நியூட்ரினோவ. இப்பக்கூட உங்க உடம்பு வழியா கோடிக்கணக்குல போயிக்கிட்டிருக்கு."

மதினி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணும் செய்யாதா?"

"ஒண்ணும் செய்யாது. எதுலயும் முட்டாம நேராப் போயிரும். எப்பவாவது ஒண்ணு முட்டுனா, தண்ணிக்குள்ள மெல்லிசா ஒரு நீல வெளிச்சம் வரும். அதத்தான் அந்த உருண்டைங்க பாக்கும். சமீபத்துல வந்த ஒண்ணுக்கு, இதுவரைக்கும் பாத்த எல்லாத்தையும்விட சக்தி ஜாஸ்தி."

"அது நியூட்ரினோ வெளிச்சந்தான்னு எப்படித் தெரியும்? கடல்ல மினுங்குத மீனு, பூச்சியெல்லாம் கெடக்குமே."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் கேட்டது நல்ல கேள்வி. கடலுயிர்களின் வெளிச்சத்தைப் பிரித்தெடுப்பது அங்கே பெரிய வேலைதான். அப்படிப் பிரித்து ஒதுக்கியது கடல் உயிரியல் ஆராய்ச்சியாளர்களுக்குப் பயன்படுகிறது. நீரோட்டத்தில் உருண்டைகள் எவ்வளவு ஆடுகின்றன என்று ஒலியை வைத்துப் பார்க்கும் கருவிகளில் திமிங்கிலங்களின் சத்தமும் சேர்ந்து கேட்கிறது. குரங்கு கொண்டுபோன தாள்களில் இவை எதுவும் இல்லை. அவர் கேட்டதால்தான் சொன்னேன்.

"அப்ப ஒண்ணத் தேடப் போயி நாலு கெடைக்கு" என்றார். பிறகு, "அந்த சக்தி ஜாஸ்தியானது எங்கேருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிச்சாவளா?"

"இன்னும் உறுதியாத் தெரியல."

"கேஸ் முடியலன்னு சொல்லு."

அப்போதுதான் போன் அவ்வளவு நேரமும் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். குரங்கை அதட்டியது முதல் எல்லாம் பதிவாகியிருந்தது. "இந்த வாரம் ஒன்றும் தேறவில்லை, கேட்டுச் சிரி" என்று எழுதித் தோழிக்கு அனுப்பினேன். அவள் போர்வைப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டு மீதியை அப்படியே ஒலிபரப்பிவிட்டாள்.

அதற்கு முன் என் நிகழ்ச்சிக்கு வந்த கடிதங்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். இதற்கு வந்துகொண்டே இருந்தன. கடையநல்லூர்க்காரர் ஒருவர் துபாயிலிருந்து எழுதியிருந்தார்: "ஊர்ப் பேச்சைக் கேட்டு நாளாச்சு. அந்த அம்மாவை விட்டுறாதீங்க." படித்தபோது எனக்குச் சந்தோஷத்தோடு கொஞ்சம் பொறாமையும் வந்தது. துறைத் தலைவர் பாராட்டிய என் நடையைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் மதினியே வந்து நின்றார். இஸ்திரி போட்ட புடவை, கையில் ஸ்கூட்டர் சாவி. "அடுத்தது என்னட்டி?" என்று அவர் கேட்ட விதத்தில், மிச்சமிருந்த கோபமும் போய்விட்டது.

இப்போது இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்கிறோம். காலையில் நான் குக்கர் வைக்கும் நேரத்துக்கு மதினி போன் செய்வார், பேப்பரில் படித்ததை விசாரிப்பார். "வேற ஏதோ நட்சத்திரத்துப் பக்கமிருந்து ஒரு வால்நட்சத்திரம் வந்து, நம்ம சூரியனச் சுத்திட்டுப் போவுதாமே? திரும்பி வருமா?"

"வராது மதினி. ஒரேயடியாப் போயிரும்."

"அது பெறந்த எடம் இப்ப இருக்கா, அழிஞ்சு போச்சா?"

குக்கர் விசிலடித்தது. அடுப்பை அணைத்துவிட்டு யோசித்தேன். "எனக்குத் தெரியல" என்றேன்.

"தெரியலன்னா அதையும் சொல்லிருவோம். ஒம்பது மணிக்கு வாரேன், ரெடியா இரு" என்று சொல்லி மதினி போனை வைத்தார்.