பெடல் மேல் வலது கால்

எனக்கு வாதத்தில் வலது பக்கம் விழுந்தது தொண்ணூறுகளின் ஆரம்பத்தில். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். தகட்டை டை என்கிற அச்சுக்குள் தள்ளி வலது காலால் பெடலை மிதித்தால், மேலிருந்து இரும்பு இறங்கி போல்ட்டுக்குப் போடுகிற ஒரு வாசரை வெட்டிப் போடும். மிதித்த உடனே காலை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் இரும்பு மறுபடி இறங்கும். கை உள்ளே இருந்தால் விரல் போகும். பதினாலு வருஷம் ஓட்டியும் எனக்குப் பத்து விரலும் இருந்தன. எங்கள் பட்டறையில் அப்படிச் சொல்லிக்கொள்ள மூன்று பேர்தான்.

ஒரு நாள் காலையில் பல் விளக்கும்போது பிரஷ் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். நானும் விழுந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தேன். பேச்சு சீக்கிரம் வந்துவிட்டது. முன்னாலும் நான் அதிகம் பேசமாட்டேன் என்பதால் யாரும் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. கையும் காலும்தான் நனைந்த சாக்கு மாதிரி கூட வந்தன.

முதலாளி வந்து பார்த்தார். நான் எழுந்து வரும்வரைக்கும் என் மிஷினைப் பட்டாபிராம் பக்கத்து ஆள் ஒருவர் ஓட்டுவார் என்றார். ஆயுத பூஜைக்கு மறுநாள் எங்கள் பட்டறையில் ஒவ்வொருவனும் தன் மிஷினில் முதல் பீஸ் அடிக்க வேண்டும். அடிக்கிறவனுக்குத்தான் அந்த வருஷம் அந்த மிஷின். நான் வந்து அடித்தால் எனக்கு, வராவிட்டால் அவருக்கு. ஐந்து மாசம் இருந்தது.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த அம்மா, தெருமுனைக் குழாய் வரைக்கும் போய்த் திரும்பினால் போதும் என்றார். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. இன்னும் முடியும் என்று தோன்றும்போதே உட்கார்ந்துவிட வேண்டுமாம். எனக்கு அது ஏறவில்லை. பட்டறையில் ஆர்டர் முடியாவிட்டால் ஓவர்டைம் போடுவோம். காலுக்கும் அப்படித்தான் என்று நினைத்தேன். மனைவி எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தைக்கப் போனதும் கிளம்புவேன். எங்கள் வீடு இருந்த கள்ளிக்குப்பத்திலிருந்து மெயின் ரோடு வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டே போய், அவள் வருவதற்குள் திரும்பிவிடுவேன். ஆறு நாள் நடந்தேன். ஏழாவது நாள் டம்ளரைத் தூக்க முடியவில்லை. நாலு நாள் பாயில் கிடந்தேன்.

பக்கத்து வீட்டில் சொல்லி அவளுக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னாய்யா, கம்பெனில போட்ட ஓவர்டைம் பத்தலியா? இப்ப ரோட்லயும் போட்டுக்கினுகீறே."

டம்ளரை எடுத்து என் வாயருகே பிடித்தாள்.

"நீ உயுந்தா நாந்தான் தூக்கணும். அத்த நெனச்சியா?"

அதற்கப்புறம் எல்லாம் அவள் கணக்குத்தான். ஷேவ் பண்ணின நாளில் மத்தியானம் வரைக்கும் குளியல் கிடையாது. பட்டன் வைத்த சட்டையைப் பெட்டியில் போட்டுவிட்டாள். பட்டன் போட்டே பாதித் தெம்பு போகிறது என்றாள். குழாய்க்குப் போகிற வழியில் இஸ்திரிக்காரரிடமும் டெய்லர் பாயிடமும் சொல்லிவைத்திருந்தாள். நான் தெரிந்தாலே அவர்கள் ஸ்டூலை எடுத்து வெளியே போடுவார்கள். உட்காராமல் தாண்டிப் போகவும் முடியாது. பாய் விடமாட்டார். "வா நைனா, உன் சீட்டு காலியாத்தான் கீது" என்பார்.

எனக்கு எரிச்சலாக வரும். உட்கார்ந்த இடத்தில் இடது கால் ஆடிக்கொண்டே இருக்கும். எஸ்டேட்டில் ஷிப்ட் சங்கு ஊதினால் எழுந்து நிற்பேன். போக இடமில்லை, திரும்ப உட்காருவேன்.

ஒரு நாள் பாயின் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெடல் பலகையில் அவர் கால் மேலும் கீழும் போனது. நான் கொஞ்சம் மிதித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். நூலைக் கழற்றிவிட்டு இடம் விட்டார். வலது காலை வைத்தேன். முதல் நாள் நாலைந்து சுற்று ஓடியது. மாசக் கடைசியில் நிற்காமல் ஓடியது. கால் போகிறது, வருகிறது. எனக்கு வேறென்ன வேண்டும்? பட்டறையில் என் மிஷின் திரும்பக் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். தினமும் பத்து நிமிஷம்தான், பாய் கடிகாரம் பார்ப்பார். அந்தப் பத்து நிமிஷத்துக்காக மிச்ச நாளைத் தள்ளினேன்.

ஆயுத பூஜை அன்று பட்டறைக்குப் போனேன். அந்தப் பட்டாபிராம் ஆள் என் வயசுக்காரர். வேஸ்ட் துணியை என் இடது கையில் கொடுத்தார். "உன் மிஷினு அண்ணாத்தே, நீயே தொடச்சிடு" என்றார். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து துடைத்தேன். எண்ணெய் எடுத்து, சந்தனம் வைத்து, குங்குமம் வைக்க ஒரு மணி நேரம் ஆனது. வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பழகிவிட்டார் என்று கிண்டல் பண்ணினார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை கற்பூரம் காட்டினதும் ஒவ்வொரு மிஷினாக ஓடியது. என் முறை வந்தது. தகட்டை வைத்தேன். இடது கையால் தள்ளினேன். மிதித்தேன். இரும்பு இறங்கியது, வாசர் விழுந்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

இரும்பு மறுபடி இறங்கியது.

தகடு நகராததால் வெட்டின ஓட்டையிலேயே இறங்கி ஏறியது. கை வெளியே இருந்தது. கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை. குனிந்து பார்த்தேன். கால் இன்னும் பெடல் மேலேயே இருந்தது. எடு என்று சொல்லி, அது எடுக்க, ஒரு மூச்சு நேரம் ஆனது.

தையல் மிஷினில் சக்கரம் சுற்றுகிற வேகத்தில் பலகையே காலைத் தூக்கிவிடும். நான் தூக்கவே இல்லை. இத்தனை நாளும் சக்கரம்தான் தூக்கியிருக்கிறது.

முதலாளி தோளைத் தட்டி, நாளைக்கு வந்துவிடு என்றார். பட்டாபிராம் ஆள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேணாம் மொதலாளி" என்றேன். "கால் கீழேயே நின்னுட்சி. ரெண்டு தபா எறங்கிச்சு."

கால் நின்றதைத் தான் பார்க்கவில்லையே என்றார். நான் பார்த்தேன் என்றேன்.

விழுந்த வாசரை எடுத்துப் பார்த்தார். வாசர் அளவு பார்க்கிற மேசையில் உட்காருகிறாயா என்று கேட்டார். மத்தியானம் வரைக்கும்தான் முடியும் என்றேன். அதைச் சொல்லத்தான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

பஸ் நிறுத்தம் வரைக்கும் பட்டாபிராம் ஆள் கூட வந்தார். என் நடைக்கு அவரும் மெதுவாக நடந்தார்.

"நானும் பாத்தேன் அண்ணாத்தே. நீ சொல்லலேன்னா நான் வாயத் தொறந்துருக்க மாட்டேன்."

"தெரியும்" என்றேன்.

அடுத்த வாரம் மேசைக்குப் போனேன். இடது கையால் அளவுக் கட்டையில் வாசரைப் போட்டுப் பார்த்துத் தட்டில் தள்ள வேண்டும். எதிரே என் மிஷினை அவர் ஓட்டினார். அந்தச் சத்தத்துக்கு மேசைக்கு அடியில் என் வலது காலும் போகும். வைப்பேன், எடுப்பேன். எடுக்கத்தான் நேரமானது. பொங்கல் வாக்கில் அந்த நேரம் கொஞ்சம் குறைந்தது.