நாவலில் வந்த நைனா

அபிராமபுரத்தில் ஒரு வீட்டு மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசகர் வட்டம் கூடும். புதிதாக வந்த தமிழ் நாவல் ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று பேர் பேசுவோம். முடிவில் எழுத்தாளர் ஏற்புரை சொல்வார். அதற்குப் பிறகு யாரும் எதிர்த்துப் பேசக் கூடாது என்பது வழக்கம்.

அங்கே பேசுகிறவர்களில் எழுதப் படிக்கத் தெரியாத வீட்டிலிருந்து வந்தவள் நான் ஒருத்திதான். அதை மறைத்ததில்லை. மைக்கைப் பிடித்ததும் முதலில் அதைத்தான் சொல்வேன். எனக்கு அதில் கர்வம் உண்டு.

அந்த மாதத்து நாவல் எங்களைப் பற்றியது. அடையாற்றங்கரையில் இருந்த எங்கள் வீடுகளை இடித்து, எல்லோரையும் ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் கொண்டுபோய்ப் போட்ட கதை. அதை எழுத வந்தவர் மாதக்கணக்கில் எங்கள் நைனாவின் ஆட்டோவில்தான் சுற்றினார். புத்தகம் வெளிவந்ததும் கையெழுத்துப் போட்டு நைனாவுக்கு ஒன்று கொடுத்தார். நைனா அதை என்னிடம் நீட்டி, படித்துக் காட்டு என்றார்.

முதலில் நான் மட்டும் படித்தேன். அதில் ஒரு ஆட்டோக்காரர் வருகிறார். இடது கையில் சுண்டுவிரல் இல்லாதவர். யாரும் வீட்டைக் காலி செய்வதில்லை என்று எல்லோரும் கூடி முடிவெடுத்த மறுநாள், விடிவதற்குள் தன் கூரைத் தகரத்தைத் தானே பிரித்து லாரியில் ஏற்றுகிறார். அதைப் பார்த்துப் பயந்து மற்றவர்களும் பிரிக்கிறார்கள். அவருக்கு மட்டும் கீழ்த்தள வீடு கிடைக்கிறது.

நைனாவுக்கும் இடது கையில் சுண்டுவிரல் இல்லை. நாங்களும் கீழ்த்தளத்தில்தான் இருக்கிறோம். அது குலுக்கலில் விழுந்த வீடு என்று சொல்லியிருந்தார். இடித்த சமயம் நான் அத்தை வீட்டில் தங்கிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன்.

கதைக்கு ஒரு துரோகி வேண்டும் என்பதற்காக, கூடவே சுற்றிய மனிதரையே இந்த ஆள் எடுத்துக்கொண்டாரே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நைனாவுக்குப் படித்துக் காட்டியபோது அந்த அத்தியாயத்தைத் தாண்டிவிட்டேன். புத்தகம் முடிந்ததும், "அவ்ளோதானா?" என்று கேட்டார். அவ்வளவுதான் என்றேன்.

கூட்டத்துக்குத் தானும் வருவதாக நைனா சொன்னார். உனக்கு அங்கே பொழுது போகாது என்று தட்டிக்கழித்துப் பார்த்தேன். "இன்னா, அப்பன் வந்தா உனக்கு அசிங்கமா?" என்று சிரித்தார். இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் முதலில் பேசினார். இன்றைய தமிழ் நாவல்களில் ஏழைகள் ஒன்று தியாகிகள், இல்லையென்றால் பிணங்கள். தவறு செய்கிற மனிதனாக ஓர் ஏழையை எழுத நம்மவர்களுக்குத் துணிச்சல் இல்லை. இந்த நாவலின் உயிரே அந்த ஆட்டோக்காரர்தான் என்றார். கூரையைப் பிரிக்கிற அந்த அத்தியாயத்தை நிதானமாக வாசித்தும் காட்டினார். நான் திரும்பிப் பார்த்தேன். நைனா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்து என் முறை. தயார் செய்து வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டேன்.

"அந்தக் கரையில் பிறந்தவள் சொல்கிறேன். அப்படி ஒரு ஆள் எங்களிடம் இருந்ததே இல்லை. வெளியிலிருந்து எழுத வருகிறவர்களுக்கு எங்கள் கஷ்டம் மட்டும் போதவில்லை. எங்களில் ஒருவரைக் குற்றவாளி ஆக்கினால்தான் அது இலக்கியம் ஆகிறது."

நன்றாகக் கைதட்டினார்கள். எழுத்தாளர் எழுந்து வந்து ஒரு முறை கடைசி வரிசையைப் பார்த்தார். அந்தப் பாத்திரம் முழுக்க என் கற்பனை, இந்தப் பெண்ணின் கோபம் நியாயமானது என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

ஆட்டோவில் திரும்பினோம். மந்தைவெளி தாண்டினோம். அடையாறு பாலத்தில் ஏறும்போது, நைனா திரும்பாமலே சொன்னார்.

"நா அங்க குந்திக்கினு கீறேன்னு அவரு பொய் சொல்லிட்டாரும்மா. நாந்தான் பிரிச்சேன்."

அம்மாவுக்கு இதய நோய். மாடி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதலில் கிளம்புகிறவனுக்குக் கீழ்வீடு என்று ஆபீசர் ஆசை காட்டியிருக்கிறார். அந்தக் கீழ்வீட்டிலும் அம்மா இரண்டு வருடம்தான் இருந்தாள்.

"உங்கிட்ட சொல்ல வாய் வர்ல. புக்குல வந்தா நீயே படிச்சுத் தெரிஞ்சிக்குவேன்னுதான் அவராண்ட சொன்னேன். நீ இன்னாடான்னா அந்த எடத்தையே தாண்டிட்ட."

அவர் தொடர்ந்தார். எங்கள் பிளாக்கில் எட்டாவது மாடியில் அவருடைய கூட்டாளி ஒருவர் இருந்தார். அவருக்கு நெஞ்சுவலி வந்த அன்று லிஃப்ட் ஓடவில்லை. நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கியவர்களில் நைனாவும் ஒருவர். பாதிப் படியிலேயே உயிர் போய்விட்டது. கீழ்வீடு கேட்டு அந்தக் கூட்டாளியும் மனு கொடுத்திருந்தாராம். இது எனக்கு அன்றுவரை தெரியாது.

"அவன் பொஞ்சாதியாண்ட அந்தப் பக்கத்தப் படிச்சுக் காட்டும்மா. அதுக்குத் தெரியணும்."

அந்த அக்கா என்னைத் தெருவில் பார்த்தால் பத்துப் பேரைக் கூப்பிட்டு, நம்ம பிளாக்குப் பொண்ணு, எம்மாம் படிச்சிருக்கு பாரு என்று காட்டுவார். அவர் எதிரில் அதை வாசிக்கிற என் குரலை நினைத்துப் பார்த்தேன்.

"அது கதைன்னு எழுதினவரே சொல்லிட்டாரே, நைனா" என்றேன்.

வீடு வந்ததும் அவர் ஆட்டோவை நிறுத்தி, சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, எட்டாவது மாடிக்குப் படியேறிப் போனார். நான் கீழேயே நின்றேன்.