தேர்ந்த ஒருவர்

கண்டனூரில் எங்கள் பெரிய வீட்டை ஒரு கல்யாணத்துக்காகத் திறந்தபோது, வயரிங் சரிபார்க்க வந்த எலக்ட்ரீசியன் அவர். ஒல்லியான மனிதர். வலது கட்டைவிரல் மட்டும் தடித்துக் காய்த்துப் போயிருந்தது. ஒவ்வொரு இணைப்பையும் முடித்ததும் வயரை இரண்டு முறை இழுத்துப் பார்த்து, பக்கத்தில் யாரோ நிற்பதுபோல், "என்ன, போதும்ல?" என்பார்.

வயர் முனைகளைச் சேர்த்து மேலே பிளாஸ்டிக் மூடியைத் திருக அவர் விரலைப் பயன்படுத்தவில்லை. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியின் அடியைக் குடைந்து வைத்திருந்தார். மூடி அதற்குள் கச்சிதமாக உட்கார்ந்து, ஒரே திருகில் இறுகியது.

"இதுக்குக் காப்புரிமை வாங்கலையா?" என்று கேட்டேன்.

ஏணியிலிருந்து இறங்கி, பையிலிருந்து காப்புரிமை அலுவலகத்தின் கடிதத்தை எடுத்து நீட்டினார். இந்தத் தொழிலில் தேர்ந்த ஒருவருக்கு இது எளிதில் தோன்றிவிடும் என்று சொல்லி, ஆங்கிலத்தில் மறுத்திருந்தார்கள்.

"கோவமெல்லாம் இல்லண்ணே. அந்த ஒருத்தரத்தான் தேடுறேன். கல்லல், சிவகங்கைன்னு வேலைக்குப் போற பக்கமெல்லாம் கேட்டுட்டேன், தெரியலைங்குறாக. அவருக்கும் இப்படித்தான வெரல் வலிச்சிருக்கும்? ஒருநா சேந்து உக்காந்து பேசணும். எங்குட்டாச்சும் பாத்தீகன்னா சொல்லுங்க."

அப்படி ஓர் ஆள் எந்த ஊரிலும் இல்லை. ஒரு கண்டுபிடிப்பு புதிதா என்று அளந்து பார்க்க, சட்டம் தன் வசதிக்காகக் கற்பனை செய்துகொண்ட மனிதர் அவர். எனக்கு அது தெரியும்.

"சொல்றேன்" என்றேன்.

இப்போதும் சென்னையில் எந்த எலக்ட்ரீசியன் வீட்டுக்கு வந்தாலும், அவருடைய ஸ்க்ரூடிரைவரை வாங்கி ஒருமுறை தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிடுகிறேன்.